யோகராணி அக்காவின் பின்சக்கரச் சத்தம்

ஒரு சைக்கிளில் எவ்வளவு சத்தத்தை மிச்சம் வைக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. யோகராணி அக்கா காலமான செய்தியை அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது, அக்காவின் சைக்கிள் பின்சக்கரம் கிள்ளானில் என் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் பிரிந்து கிடந்தது. "தூக்கத்துலயே போயிட்டாம்மா," என்றார். என் கையெல்லாம் கிரீஸ்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்லூரி நூலகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். யாரோடும் எளிதில் ஒட்டாத என்னை ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவர்தான் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல என்ன பண்றே? சைக்கிள் ஓட்டலாம், வா."

உடற்பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன்.

"எனக்கும் இல்ல. காப்பார்ல நல்ல ரொட்டி சானாய் கிடைக்கும்லா."

அதிலிருந்து ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளும்போதெல்லாம் அவருடைய பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் கடகடவென்று அடிக்கும். லோரிகளுக்கு நடுவிலும் கேட்கும். சாலைச் சந்திப்புகளில் அவர் வேண்டுமென்றே மிதிப்பதை நிறுத்துவார். அந்தச் சத்தம் வந்தால் நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை.

இருந்தும் எனக்கு அது எரிச்சல்தான். அண்மையில் ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, உள்ள கிரீஸ் காஞ்சி போச்சு. சர்வீஸ் பண்ணணும்."

"பண்ணா சத்தம் போயிடும். அப்புறம் நீ திரும்பித் திரும்பிப் பாப்பே. லோரிக்காரன் அடிச்சிட்டுப் போவான்."

போன ஞாயிறுதான் இணங்கினார். சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "ஒரேயடியா ஊமையாக்கிடாதே," என்றார்.

தகனம் முடிந்ததும் அவருடைய கணவர் என்னிடம் வந்தார். "நாளைக்கு வந்து சைக்கிள எடுத்துக்கிறேன்மா."

வீடு திரும்பி மறுபடி மேசையில் உட்கார்ந்தேன். ஹப்பின் பேரிங் குண்டுகளைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்ததும் கரகரப்பு போயிற்று. மிச்சம், உள்ளே பல்சக்கரத்தின் பல்லில் தட்டிச் சத்தம் எழுப்பும் சின்ன நாக்குகள். கெட்டி கிரீஸ் வைத்தால் அடங்கிவிடும். மெல்லிய எண்ணெய் விட்டால் பழையபடி அடிக்கும். கிரீஸ் வைத்தேன். சுற்றிப் பார்த்தேன். துடைத்து எண்ணெய் விட்டேன். எழுந்து நடந்தேன். மறுபடி பிரித்தேன். இறந்தவர்கள் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புவதில்லை. ஆனால் அந்தச் சைக்கிளோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர் கேட்பார். அது அவருக்கு ஆறுதலா, வதையா? கடைசியில் எண்ணெயே விட்டு மாட்டினேன். அக்கா கேட்டது அதைத்தான்.

போய் வாருங்கள், அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நன்றி.

மறுநாள் அவருடைய கணவர் வந்தார். சைக்கிளை வாசலுக்குத் தள்ளியதுமே ஹப் கடகடத்தது. நின்றார். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தபடி லிஃப்ட்வரை நடந்தார். அங்கே இறக்கி வைத்துப் பொத்தானை அழுத்தினார். பிறகு சைக்கிளை ஓரடி முன்னே உருட்டினார். கடகடத்தது. இன்னும் ஓரடி. லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டு கீழே போயிற்று. அவர் உருட்டிக்கொண்டிருந்தார்.