மிஹ்லார் நானா குறி பார்த்த நேரம்

புத்தளத்துக்கு வெளியே ஓர் உப்பளத்தின் வாசலில் நான் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் றிஸ்மின் அங்கேதான் வேலை செய்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், சம்பளப் பணத்தோடு ஒரு வான் வண்டி வரும். காவலுக்கு மிஹ்லார் நானாவும் இன்சாப் நானாவும் வருவார்கள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். மிஹ்லார் நானா தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். சீனி போடாத இஞ்சித் தேத்தண்ணிதான் குடிப்பார்.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துவக்கு. ஒருமுறை இவர் இடுப்பில், மறுமுறை அவர் இடுப்பில். அதை எப்படிச் சுடுவது என்பதில்தான் ஓயாத சண்டை.

"கள்ளன் கிட்ட வந்து நிண்டா, துவக்கு நுனியில இருக்கிற முளையப் பாத்துக் குறி வைக்க நேரமிருக்கா, மச்சான்? விரலால காட்டுற மாதிரி கைய நீட்டு, அமத்து. அவ்வளவுதான்" என்பார் இன்சாப் நானா.

"நீ விரலால காட்டினா கடையக் காட்டுறியா, பின்னால நிக்கிற கழுதையக் காட்டுறியா எண்டே எனக்கு விளங்குறல்ல."

"நீ குறி பார்த்து முடியக்குள்ள உன்ன அடக்கிக் கத்தமும் ஓதி முடிச்சிருவாங்க."

நான் கேத்தலுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் வளைந்த இரும்புக் குழாய் வெடித்துவிட்டது. ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகளைப் பூட்டுமுன் அதை டவுனுக்கு அனுப்ப வேண்டும். வான் புறப்படுவதைக் கண்ட றிஸ்மின், குழாயைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து பாத்தியில் நிற்கும் எல்லோரும் கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள். இவரும் அப்படியே வந்தார். நில்லுங்கள் என்று கத்தினாராம். துணிக்குள்ளிருந்து வந்த சத்தம் வான் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வானில் ஏறப் போன மிஹ்லார் நானாவின் கை துவக்கோடு மேலே போனதைக் கண்டேன்.  அவர் துவக்கைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். ஒரு மூச்சு நேரம். பிறகு விசையிலிருந்து விரலை விலக்கினார்.

"துணிய எறக்கு!"

றிஸ்மின் குழாயைப் போட்டுவிட்டுத் துணியை இழுத்தார். முகம் உப்பை விட வெளுத்திருந்தது.

"முளைக்கு நேரா அந்தச் சாமானக் கண்டன். தண்ணி சொட்டிச்சு. துவக்குல தண்ணி சொட்டுமா?" என்றார் மிஹ்லார் நானா. 

"உண்மையான கள்ளனெண்டா அவன் சுட்டு நீ மவுத்து" என்றார் இன்சாப் நானா.

"ஓம். மவுத்துத்தான்."

 இன்சாப் நானா குனிந்து அந்தக் குழாயை எடுத்து வானில் வைத்தார். "போன முறை இது நடந்திருந்தா, துவக்கு என்ட இடுப்பில" என்று மட்டும் சொன்னார்.

நான் மிஹ்லார் நானாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.   "நல்லாவே இருக்கு, தங்கச்சி" என்று குடித்தார். அதில் நான் சீனி போட்டிருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது வான் வரும் நாளில் பாத்தியை விட்டு ஏறும்போதே எல்லோரும் துணியை இறக்கிவிடுகிறார்கள். அவர்கள் இருவரும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். றிஸ்மின் மாலையில் வீட்டுக்கு வந்து கால் கழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மிஹ்லார் நானாவின் பேரைச் சொல்லிக் கையேந்தி துஆச் செய்கிறேன்.