அப்பாவின் கன்று

அப்பாவின் மூத்திரப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னதும், அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பை இல்லாம மனுசன் எப்புடி இருக்கிறது? வா புள்ள, பஸ்ஸ புடிப்போம்." எங்கள் ஊர் பொகவந்தலாவை வரைக்கும் என்னோடு பேசவில்லை. புற்று ஆழமாகப் போய்விட்டது, எடுக்காவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த கிளினிக்கில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் தாளோடு இன்னொரு தாளும் கொடுத்தார்கள். சிங்களத்தில் இருந்தது, வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்ப்பார்களாம். எனக்கே அரைகுறையாகத்தான் புரிந்தது. அப்பாவோ தோட்டத்து நாற்றுமேடையில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஒரு இலையும் ஒரு கணுவுமாக வெட்டி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, நிழல் கட்டி, எட்டொன்பது மாதத்தில் தேயிலைக் கன்றாக்கிக் கொடுத்தவர். அதனால், "ஒரு துண்டு எடுத்து, நீங்க கன்னு போடுற மாதிரி வளர்ப்பாங்கப்பா" என்றேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அவர் முகம் தெளிந்தது. "அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று ஆபரேஷன் தாளிலும் ஆராய்ச்சித் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சித்தப்பாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "பழச எடுத்துட்டு, அதுலயே ஒரு துண்ட வளர்த்து புதுசா வச்சிருவாங்க. அது வரைக்கும் வெளிய ஒரு பை. எட்டொம்பது மாசம் புடிக்கும்."

ஆராய்ச்சித் தாளின் பிரதியை எடுத்து மறுபடி வரி வரியாகப் படித்தேன். அவர்கள் வளர்க்கப்போவது மூத்திரப்பையை அல்ல, புற்றை. வெட்டினாலும் மருந்து கொடுத்தாலும் தப்பித்துத் திரும்ப முளைக்கிற செல்களை. எந்த மருந்துக்கு அவை சாகும் என்று பார்ப்பதற்காக. அதுவும் அப்பாவுக்கு அல்ல, என்றைக்கோ வரப்போகிற யாருக்கோ. சொன்னால் ஆபரேஷனுக்கு வரமாட்டார். சொல்லாவிட்டால் நான் என்ன மகள்? இரண்டு தடவை அவர் முன்னால் போய் நின்றேன். முதல் தடவை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை அதைக்கூடக் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றோரம் ஒட்டிய பையைக் காலி செய்யவும் மாற்றவும் அவரே கற்றுக்கொண்டார், முகம் சுளிக்காமல், கொஞ்ச நாளைக்குத்தானே என்று. அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. அவரைக் காப்பாற்றினேனா, ஏமாற்றினேனா? இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒன்பதாவது மாதக் கிளினிக்கில் என் முழங்கையை இடித்தார். "என் கன்னு புடிச்சிருச்சான்னு கேளு புள்ள."

ஆராய்ச்சிக்குக் கொடுத்த துண்டு எப்படி இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டேன். அதையெல்லாம் விசாரிக்கிற நோயாளியைப் பார்த்ததில் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மிக நன்றாக வளர்கிறது, விடாமல் பெருகுகிறது என்றார்.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

"நல்லா வளருதாம்ப்பா. விடாம பெருகுதாம்."

அவர் கையெடுத்து டாக்டரைக் கும்பிட்டார். "அவசரமில்லன்னு சொல்லு. நெழல மட்டும் சட்டுனு பிரிச்சிர வேணாம். கன்னு பட்டுப்போயிரும்."