அண்ணன் அடிப்பாகம் கட்டிய போர்க்கப்பல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இறந்தவரைப் பொறுமைசாலி என்று எழுதுவது வழக்கம். அண்ணனுக்குப் பொறுமை கொஞ்சமும் கிடையாது. அதை மறைத்து எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பிய மேட்டுக்காட்டில் பிறந்தார். காடு கைவிட்ட ஒரு வருடம் பள்ளியை நிறுத்திவிட்டுக் கோவைக்கு வந்து, கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலைக்குச் சேர்ந்தார். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன், அந்தப் பொருளை மரத்தில் செய்து மணலில் அச்செடுப்பார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். அண்ணன் செய்த பம்பு பேட்டர்னைத் தடவிப் பார்த்தால் கன்னம்போல வழவழவென்று இருக்கும். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் படித்தேன். எனக்குக் கல்யாணமும் ஆனது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இடது கை ரம்பத்தில் மாட்டி இரண்டு விரல்நுனிகள் போய்விட்டன. காயம் ஆறியது. முதலாளி இரக்கப்பட்டு அவரை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார். அந்த இரக்கத்தைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை. "போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கறதுக்கா இந்தக் கை?" என்று அண்ணியிடம் எரிந்து விழுவார். இனிமேல் நுணுக்கமான வேலை செய்ய வருமா என்கிற பயம் அவருக்குள் இருந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டார், எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் மில் மெஷின் விஷயமாகச் சிங்கப்பூர் போன என் வீட்டுக்காரர், அண்ணனுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். மூடியில் அலையைக் கிழித்துக்கொண்டு வரும் போர்க்கப்பல் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் பீரங்கியும் கொடிமரமும் நங்கூரமும் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து ஒட்ட வேண்டும். அண்ணன் முதல் பீரங்கியை அவசரத்தில் கையால் திருகினார். குழாய் ஒடிந்துவிட்டது. அடுத்ததைப் பிளேடால் நறுக்கினார். பிறகு கப்பலின் உடம்பைத் திருப்பிப் பார்த்தார். அடி தட்டையாக இருந்தது.

"ஏனுங்க மாப்ள, மேல் பாதிதான் இருக்குது. கீழ் பாதி எங்கீங்க?"

"பெட்டில இருந்தது அவ்வளவுதானுங்க மச்சான்."

"பாதிக் கப்பலக் குடுத்து உங்கள ஏமாத்திப் போட்டானுங்க!"

பேட்டர்ன்காரர்களுக்கு எதுவுமே மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகத்தான் தெரியும். மணல் பெட்டியில் அச்செடுப்பது அப்படித்தான். மேசைமேல் வைத்தால் கடலில் நிற்பதுபோலத் தெரியட்டும் என்று நீர்மட்டத்தோடு நிறுத்திச் செய்திருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணனுக்கோ வீம்பு வந்துவிட்டது. "உடுங்க மாப்ள, கீழ் பாதிய நான் செஞ்சுபோடறேன்" என்றார்.

தேக்குத்துண்டு ஒன்றை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். இடது கையில் நிற்காத சிறு துண்டுகளைத் துணி கிளிப்பில் கவ்வ வைத்து ஒட்டினார். கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் பறக்கிறது என்று அண்ணி சத்தம் போட்டார். கீழ் பாதி முடிந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் மேல் பாதியை அதன்மேல் வைத்தார். பொருந்தவில்லை. கீழ் பாதி நூலளவு பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றது. அண்ணன் தன் கையைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், என் பக்கம் திரும்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்மணி, தேக்கும் ஆறிச் சுருங்கும்னு நெனச்சுபோட்டேன்!"

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்றே பேட்டர்ன்காரர்களின் ஸ்கேலில் கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளியே இருக்கும். பழக்கதோஷத்தில் அந்த ஸ்கேலாலேயே கப்பலை அளந்திருக்கிறார். கை தவறியிருந்தால் கோணலாக வந்திருக்கும். இதுவோ எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பெரிதாகியிருந்தது. விபத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்து நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாதாரண ஸ்கேலில் அளந்து இன்னொன்று செய்தார். அது பொருந்தியது. கவிழாமலிருக்க அடியில் ஈயம் பதித்து, இரண்டு பாதியையும் ஒட்டி, வண்ணம் பூசினார். ஆடி நோம்பிப் பண்டிகைக்குத் தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் கப்பலை இறக்கினார். "கவுந்துருமுங்க மச்சான்" என்று என் வீட்டுக்காரர் பதறினார். குழாய்த் தண்ணீர் அலையடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, கம்பீரமாக நின்றது. கூட்டம் கைதட்டி விசிலடித்தது.

மறுவாரம் அந்தக் கப்பலை முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். முதலாளி பீரங்கிகளைப் பார்க்கவில்லை. மரமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். இணைப்பு தட்டுப்படவில்லை.

"யார் செஞ்சதுங்க?"

"நானுங்க. இந்தக் கையிலதானுங்க."

"நாளைக்கு பெஞ்சுக்கு வந்துருங்க."

ஓய்வு பெறும்வரை அண்ணன் பேட்டர்ன் செய்யும் அந்த பெஞ்சை விட்டு நகரவில்லை. தட்டை அடியின் காரணம் பிற்பாடு தெரிந்தபோதுகூட, "அது அவிய சவுகரியமுங்க. நம்ம கப்பல் தண்ணில போகோணும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் செய்த கப்பல்களுக்கும் அடிப்பாகம் கட்டாமல் விடவில்லை. கடைசி நாட்களில் மூச்சு வாங்கும்போதும், போனில் கப்பல் கட்ட யோசனை கேட்டவரிடம், "பெருசுல ஆரம்பிக்காதீங்க, சின்னதா ஒண்ணு வாங்குங்க. ஒட்டறதுக்கு முன்னால பொருத்திப் பாருங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

அவரைப் பெஞ்சுக்குத் திரும்ப அழைத்த முதலாளி குடும்பத்தாருக்கும், கடைசிவரை உடன் நின்ற ஃபவுண்டரி நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இரவு பகலாகப் பக்கத்தில் இருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் கப்பல்கள் அவர் வீட்டு மேசையில் திறந்தபடியே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டி போட அவர் சம்மதித்ததே இல்லை. வருகிறவர்கள் கையில் எடுத்தே பாருங்கள். யாராவது தயங்கினால் அவர் சொல்வது இதுதான்:

"ஒடஞ்சா ஒட்டிக்கலாமுங்க. எடுங்க."