மூடா ஆற்றுப் பாலத்தருகே ஒரு பெண்பார்ப்பு

"ஞாயிறுதானே, மூடா ஆத்துப் பாலத்துக்கிட்ட காத்து வாங்கிட்டு வரலாம் வா" என்று அண்ணன் இன்று என்னைக் காரில் ஏற்றினார்.

போய் இறங்கினால், ஆறு பார்க்கும் மேடையில் ஒரு குடும்பமே பழத்தட்டோடு நிற்கிறது. எனக்குப் பெண்பார்ப்பாம்!

கார் சாவி அண்ணன் பையில். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலைய விட்டுடுவதானேம்மா?"

"விட்டுடுவா லா" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

"மாட்டேன் ஆன்ட்டி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை மெதுவாக, "என்னையும் காத்து வாங்கத்தான் கூட்டிட்டு வந்தாங்க" என்றார்.

அண்ணன் பையிலிருந்து சாவியை எடுத்து, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வேலையை விடச் சொல்லாத மாமியார் யாருக்காவது வாய்த்திருக்கிறாரா? இந்தக் குழுவில் எழுதுங்கள், அவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டாவது வருகிறேன்.