மற்ற ஆடு போன கதை

வெங்காயம் கிண்டி எடுக்கும் அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாமே வெங்காயமாகத்தான் மணக்கும். சோறும் மணக்கும், தலையணையும் மணக்கும், முற்றத்திலிருந்து பறந்துவரும் சருகுகள் ஈரக்காலில் ஒட்டிக்கொண்டு பாய்வரைக்கும் வந்துவிடும். சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக் கிராமம் எங்களுடையது. சண்டை நடந்த, மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. கிண்டிய வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் கட்டுவதை 'பிடி கட்டுதல்' என்போம். அதில் என் அக்காவை வெல்ல வீட்டில் ஆளில்லை.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை என்பார்கள் ஊரார். அவளுக்கு விளங்காது என்ற நினைப்பில் 'மந்தம்' என்று அவள் காதுபடவே சொல்வார்கள். பிள்ளைகளே, அது அவளுக்கு நன்றாக விளங்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால்தான் அவள் தடுமாறுவாள்.

பக்கத்து வீட்டு வதனி மட்டும் அவளை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பக்கத்தில் குந்தியிருந்து பிடி கட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு காலையில் பார்த்தால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமாகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று ஐயாவுக்கு, எங்கள் தகப்பனாருக்கு, யாரோ சொன்னார்கள். "வதனி எங்கை?" என்று அக்கா கேட்டபோது, அவளுக்கு நோகக்கூடாதென்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: "நாளைக்கு வருவாள்."

அவள் அதை நம்பினாள். விடிந்ததும் 'படலை' என்னும் வேலிக் கதவடியில் போய் நிற்பாள். எத்தனையோ நாள் நின்றாள். பிறகு நிற்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள், பேச்சில்லை, குளிப்பில்லை, வைத்த சோறு கோப்பையிலேயே காய்ந்தது. பரியாரியார் கசாயம் கொடுத்தார். ஆசுப்பத்திரியில் உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். "விடு, காலம் மாத்தும்," என்றார் ஐயா. ஆனால் அக்காவின் கை மெலிந்து காப்பு முழங்கைவரை ஏறத் தொடங்கியபோது அவரும் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது.

ஒரு பின்னேரம் அம்மா அவளுடைய தலைமாட்டில் இருந்து கெஞ்சினார். "கதை பிள்ளை. ஒரு சொல்லெண்டாலும் கதை ராசாத்தி."

எங்கள் ஊரில் பேசுவதும் கதை, ஆடு மாடு ராசா வரும் கதையும் கதை. அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடிபட்டது.

"எனக்குக் கதை தெரியாதம்மா," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "நீங்கள் சொல்லுங்கோ."

பல நாளுக்குப் பிறகு கேட்ட குரல். அம்மா வாழ்நாளில் கதை சொல்லாதவர். தோட்டமும் அடுப்பும் அவருக்கு அந்த நேரத்தைக் கொடுத்ததில்லை. தட்டுத்தடுமாறித் தொடங்கினார். "ஒரு ஊரிலை ஒரு ஆடு இருந்தது."

"பிறகு?"

"பிறகு... குழை திண்டது."

"பிறகு?"

"திண்டிட்டுப் படுத்திட்டுது."

"உதென்ன கதையப்பா," என்றார் வாசலில் நின்ற ஐயா. "ஆட்டுக்கு வேறை வேலை இல்லையே?"

அக்கா சிரிக்கவில்லை. "ஏன் படுத்தது?" என்று கேட்டாள்.

அம்மா அவள் பக்கம் குனிந்தார். "ஏனெண்டு நீ சொல்லன் பிள்ளை."

அக்கா கையைச் சுவரில் விரித்து வைத்தாள். "மற்ற ஆடு போட்டுது."

"எங்கை போனது?"

"தெரியாது. இந்த ஆட்டிலை கோவம் போலை."

"நாளைக்கு வந்திடும் பிள்ளை," என்றார் ஐயா அவசரமாக. விரித்த கையை அக்கா மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் சும்மா இருங்கோப்பா," என்றார் அம்மா. அவர் ஐயாவை அப்படி மறித்துப் பேசி நான் முன்பு கேட்டதில்லை. பிறகு அக்காவின் முதுகில் கையை வைத்துச் சொன்னார்: "மற்ற ஆடு தூர இடத்துக்குப் போட்டுது பிள்ளை. இனி வராது. கோவத்திலை போகேல்லை. அதைக் கயித்திலை கட்டிக் கூட்டிக்கொண்டு போட்டினம். சொல்லிப்போட்டு வர அதுக்கு நேரம் குடுக்கேல்லை."

அக்கா அழுதாள். வதனி போனதற்குப் பிறகு அவள் அழுதது அன்றுதான். நான் பயந்து ஐயா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுது முடிந்ததும் திரும்பிப் படுத்து, "இந்த ஆட்டுக்குப் பசிக்குது," என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அம்மா, "இண்டைக்கு ஆடு என்ன செய்யுது?" என்று கேட்பார். தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாத பிள்ளை ஆட்டைப் பற்றிச் சொல்வாள். மழைக்குப் பயம், மந்தம் என்று பேசிய கிழட்டு மாட்டில் கோவம், எல்லாம் ஆட்டின் வாயால் வந்தன. அடுத்த வெங்காயக் காலத்துக்கு அக்கா முற்றத்தில் இருந்து பிடி கட்டினாள்.

அம்மா இப்போது இல்லை, ஐயாவும் இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் மூன்று வீடுகள் நிற்கின்றன. அக்கா எங்களோடுதான் இருக்கிறாள், தலை நரைத்துவிட்டது. போன கிழமை என் மகள் அவளுக்குப் பின்னல் போட்டபடி, அந்த ஆட்டுக் கதையைச் சொல்லச்சொல்லிக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் ஆடு நின்றதா என்று அக்கா யோசித்தாள். "எந்த ஆடு?" என்றாள். "நாங்கள் மாடெல்லோ வளர்த்தனாங்கள்."