ராஸ் லஃபானில் ஒரு சரண்டர்

பியானோ சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு என் மச்சான் கையைத் தூக்குவதுதான் கண்முன்னால் வரும். கத்தாரின் ராஸ் லஃபானில் எங்கள் ஜப்பானியக் கம்பெனியின் ஆபீஸ் என்பது தகரக் கேபின்கள்தான். அவற்றுக்கு நடுவே சிமெண்ட் பூசிய ஒரு முற்றம். தினமும் வேலை தொடங்குவதற்கு முன் அங்கே ஒலிபெருக்கியில் பியானோவைப் போடுவார்கள். பெரிய மேனேஜர் முதல் டீ கொடுப்பவர் வரை சாம்பல் நிறச் சட்டையில் வரிசையாக நின்று கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்யவேண்டும். ஜூலை மாத வெயில் அந்த நேரத்திலேயே மண்டையைப் பிளக்கும். எல்லோரும் அரைக்கைச் சட்டை. என் மச்சான் மட்டும் முழுக்கை, அதிலும் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்பார். கையைத் தூக்கும்போது துணி சற்றே இறங்கும். அந்த இடைவெளியில் முழங்கை வரை போகும் வெட்டுத் தழும்பின் நுனி தெரியும். மேனேஜர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று நான் பார்ப்பேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மதுரையில் மார்க்கெட் பக்கம் ஒரு கும்பலில் பத்தொன்பது வயதிலேயே சேர்ந்தவர். கும்பலின் தலைவரை எல்லோரும் ‘அண்ணன்’ என்பார்கள். இவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை இங்கே எழுதினால் என் மனைவி எனக்குச் சோறு போடமாட்டாள். கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு மனிதர் விலக நினைத்தார். வழக்குகள் ஒவ்வொன்றாக விடுதலையில் முடிந்து, பாஸ்போர்ட் கைக்கு வர முப்பத்தாறு வயதாகிவிட்டது. அதற்குள் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய், “ஒரு எடத்துல நெலையா வேலை பாத்துக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டாள். கும்பல் அண்ணனோ, “வெளிநாடெல்லாம் அவனுக்கு ஒத்துக்காது. திரும்பி வந்தா நேரா இங்கதான் வரணும்” என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் சோதனைக் காலம். அதில் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் மதுரை, மதுரை என்றால் அண்ணன். இதுதான் நிலவரம்.

ஆபீஸ் அசிஸ்டெண்ட் வேலைக்கு நான்தான் சிபாரிசு செய்தேன். முதல் வாரம் முழுவதும் நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். மேனேஜர் கிளம்பும்வரை யாரும் சீட்டைவிட்டு எழுவதில்லை. மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கே பேசுவதில்லை. வணக்கம் சொல்வதற்கே இடுப்பை வளைக்கிறார்கள். மற்ற இந்தியர்களுக்கு ஒரு வருஷமானாலும் பிடிபடாத இதெல்லாம் மச்சானுக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. “இது நம்ம செட்டப்புதான் மாப்ள. காலையில ஆளுக தலையை எண்றாங்க, ஒரே யூனிஃபாரம், பெரியவரு கெளம்பாம நாம கெளம்ப முடியாது. என்ன, இங்க பேருக்குப் பின்னால ‘சான்’ போட்டு மரியாதையாக் கூப்பிடுறாங்க. அங்க பேருக்கு முன்னால போடுவாங்க” என்றார். ஒன்றே ஒன்றுதான் தகராறு. கதவுக்கு முதுகு காட்டி அவரால் உட்கார முடியாது. தினமும் மேஜையைத் திருப்பிப் போடுவார், துப்புரவு செய்யும் நேபாளி தினமும் பழையபடி வைப்பார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

ஐந்தாவது மாதத்தில் வந்தது வினை. பம்ப் ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். வரைபடம் மாறியிருந்தது, ஆனால் சைட்டுக்குப் போனது பழைய வரைபடம். போல்ட்டுகள் தவறான இடத்தில் நின்றன. காங்கிரீட்டை உடைக்கவேண்டியதாகிவிட்டது. வரைபடங்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவர் ஒரு கோட்டயத்துக்காரர், எல்லோருக்கும் சேட்டன். பழையதையும் புதியதையும் ஒரே அடுக்கில் வைத்திருந்தது அவர். மச்சானுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவரே, மத்தியானம் தன் மீன்குழம்பில் பாதியைக் கொடுப்பவரும் அவரே.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்டார். சேட்டனின் முகம் வெளிறிப்போயிருந்தது, வாய் திறக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. “மை மிஸ்டேக் சார். ஒன்லி மீ.”

மச்சான்தான். மேனேஜர் என்னை அருகே அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. தவறு நடந்தால் திட்டமாட்டார்கள், ‘ஏன்’ என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதற்கும் ‘ஏன்’. வேர் தெரியும்வரை நிறுத்தமாட்டார்கள்.

“ஏன் தப்பான படம் போனது?”

“நான்தான் மாத்தி எடுத்துட்டுப் போனேன்.”

“ஏன் மாற்றி எடுத்தீர்கள்?”

“கண்ணு தெரியல.”

“ஏன் தெரியவில்லை?”

மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “தண்ணி போட்டிருந்தேன்னு சொல்லுங்க மாப்ள.”

அடப்பாவி மனுஷா! குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தேன் என்று அந்த ஊரில் ஒருவன் சொன்னால் அன்றைக்கே ஃபிளைட். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மேனேஜர் எனக்காகக் காத்திருக்கவில்லை. மச்சானைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “செவ்வாய்க்கிழமைதானே படம் சைட்டுக்குப் போனது? செவ்வாய் முழுவதும் நீங்கள் என்னோடு தோஹா ஏர்போர்ட்டில் விருந்தாளிகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தீர்களே?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மறுபடியும் அதே ‘ஏன்’. மச்சான், “மறைக்காம அப்படியே சொல்லுங்க மாப்ள, வர்றது வரட்டும்” என்று மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிக் கையை மேஜைமேல் வைத்தார். அண்ணன் ஒருவரை வெட்டினால் ஸ்டேஷனில் போய் நிற்பது வேறு ஆள். தான் இரண்டு தடவை அப்படிச் சரண்டர் ஆகி உள்ளே போயிருப்பது. சாப்பாடு போட்டவருக்கு ஆபத்து என்றால் முன்னால் போய் நிற்பதுதான் முறை என்று நம்பியிருப்பது. எல்லாவற்றையும் சொன்னார். நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

மேனேஜர் தழும்பைப் பார்த்தார், கேள்வியை விடவில்லை. “நீங்கள் ஜெயிலுக்குப் போன பிறகு உங்கள் தலைவர் வெட்டுவதை நிறுத்தினாரா?”

மச்சானுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “எங்க நிறுத்துறது! அடுத்த மாசமே அடுத்த ஆளு.”

“அப்படியானால் எனக்கும் அடுத்த மாதம் இன்னொரு காங்கிரீட் உடையும். நாளைக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். அதன் பிறகு உங்கள் வேலையைப் பற்றிப் பேசலாம்.”

வெளியே வந்ததும் மச்சான் மளமளவென்று நடந்தார். “சேட்டனைக் காட்டிக்குடுத்துட்டு எனக்கு வேலையா? ஊருக்கே போறேன் மாப்ள. டிக்கெட் போடச் சொல்லுங்க.”

எனக்கு வந்ததே கோபம். “ஊருக்குப் போய் யாருக்காக சரண்டர் ஆகப் போறீங்க? ஒங்க மகளுக்கு ஆறு வயசு. உள்ள போறதுதான் ஒங்களுக்குப் பழக்கம், அவளுக்கு இல்ல” என்று முற்றம் அதிரக் கத்திவிட்டேன். வாழ்க்கையில் அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் டீ போடப் போய்விட்டார்.

மறுநாள் பியானோ நின்றதும் அவர் முன்னால் வந்தார். “சார், நாட் மீ. எஸ்டர்டே ஐ டெல் லை” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை, யார் என்று சொல்லவும் இல்லை. அப்படியே இடுப்பை வளைத்து நின்றுவிட்டார். சேட்டன் வரிசையைவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். “என்னுடைய தவறு, நான்தான் பழையதை எடுத்து வைக்கவில்லை” என்றார். ‘ஏன்’ தொடங்கியது. இடம் போதவில்லை, அடுக்கு ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று கேட்டும் வரவில்லை என்று போய், கடைசி ‘ஏன்’ மேனேஜரின் மேஜையிலேயே வந்து நின்றது. மேனேஜர் சேட்டனுக்குத் தலை வணங்கினார். மத்தியானத்துக்குள் இரண்டாவது அடுக்கு வந்துவிட்டது.

“அவ்வளவுதானா மாப்ள? அடி இல்ல, ஒதை இல்ல? சேட்டனுக்கு வேலை இருக்குல்ல?” என்று மச்சான் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவ்வளவுதான் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறாவது மாதம் அவர் வேலை நிரந்தரமானது. அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனபோது அவர் மனைவி பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாளாம். அண்ணன் வீட்டுப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்றைக்கு மச்சான் ஓமானின் சோஹாரில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆபீஸில் ஸ்டோர் பொறுப்பாளர். நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். போன மாதம் ஃபோன் செய்தார், குரல் ஒரு மாதிரி இருந்தது. மதுரையில் காலேஜ் போகும் மகள், பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு காரில் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் இடித்திருக்கிறாள். கதவில் பெரிய நசுங்கல். தெருவில் ஆளில்லை.

“அப்புறம்?” என்றேன்.

“யாருமே பாக்கல மாப்ள. இவளாப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘நான்தாங்க இடிச்சேன்’னு சொல்லிருக்கா. அப்புறம் எனக்கு ஃபோன் போட்டு, திட்டாதீங்கப்பான்னு கூடச் சொல்லல. நடந்ததைச் சொல்றா, அவ்வளவுதான். கொஞ்சங்கூடப் பயமில்ல.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அவளுக்கு இது ரொம்பச் சாதாரணமா இருக்கு மாப்ள.”