ஒரு ஸ்கோரும் இன்னொருவரும்

மேடைக்கு ஓரத்தில் இருட்டில் உட்கார்ந்து, நடிகர் மறந்த சொல்லை எடுத்துக்கொடுக்கிற வேலை ஒன்று உண்டு, பிராம்ப்டர் என்பார்கள். நன்றாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது, பிழையாகச் செய்தால் மண்டபம் முழுவதற்கும் கேட்கும்.

எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனில் ஒரு சின்னத் தியேட்டரில் அந்த வேலையைச் செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பிளேஸ்டோவில் வந்து குடியேறிய பிறகு, என் சான்றிதழ்கள் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போனேன். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். அடுத்த கிழமையே நாடகப் புத்தகத்தை மடியில் தந்து ஓரத்தில் இருத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் மொழிபெயர்க்கப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால் நான் பட்டது விளங்கும். நீங்களும் என்னைப்போல அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைத்தவர்கள்தானே.

செத்துப்போன சொல்

அந்த முறை எடுத்த நாடகம் நானூறு வருடப் பழசு. முதலாம் எலிசபெத் மகாராணி காலத்தில் எழுதியது. எழுதியவர் யாரென்று தெரியாது. எதிரிப் படை சூழ்ந்துகொண்ட ஒரு நகரம். அதை ஆளுகிற வயதான பிரபு. அவருக்குக் கெட்ட செய்தி கொண்டுவருகிற தூதன். தூதன் மூச்சு வாங்க ஓடி வந்து, "பாலத்தடியில் ஒரு ஸ்கோர் பேர் விழுந்தார்கள், பிரபுவே" என்பான். பிரபு திகைத்துப்போய், "ஒரு ஸ்கோரா?" என்று கேட்பார். ஸ்கோர் என்றால் இருபது. அந்தக் காலத்து நாடகங்களில் அறுபதை மூன்று ஸ்கோர் என்பார்கள், எழுபதை மூன்று ஸ்கோரும் பத்தும் என்பார்கள். நம் செய்யுளில் பன்னிரண்டை ஈராறு என்று சொல்வதில்லையா, அதுபோல.

முதல் வாசிப்பிலேயே இளம் நடிகர் ஒருவர், "ஸ்கோர் என்றால் சனத்துக்கு ஃபுட்பால்தான் ஞாபகம் வரும். இருபது என்றே சொல்லிவிடலாமே" என்றார். நெறியாளர் ஜில் சம்மதிக்கவில்லை. தேநீர் நேரத்தில் நானும், அது செத்துப்போன சொல்தானே என்று வாயை விட்டேன். மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சர் ரொன் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர், எந்தப் பெண்ணையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். பல்லில் கடித்திருந்த ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சந்தைப் பக்கம் ஒருதரம் போய் வா, லவ். இருபது பவுண் தாளுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்."

எத்தனை பேர் என்று கேட்டவர்

தூதனாக நடிக்க வந்தவர் சிவநேசன். முப்பது வயது இருக்கும். தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு கடையில் வேலை. ஊரில் பள்ளிக்கூட நாடகங்களில் நடித்திருக்கிறார். தூதன் குரல் வேறு இடத்திலிருந்து ஓடி வந்தவன் குரலாக இருக்க வேண்டும் என்று ஜில் தேடிக்கொண்டிருந்தார். சிவநேசன் வாயைத் திறந்ததுமே அவரை எடுத்துக்கொண்டார். மூன்றாவது அங்கத்தில் ஒரே ஒரு வருகை, ஒன்பது வரி, அதில் கடைசி அந்த ஸ்கோர் வரி, அவ்வளவுதான். அந்த ஒன்பது வரியையும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் பக்கத்தில் இருந்த கிழவி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டாளாம்.

ஒத்திகையில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பாலத்தடியில் செத்தது சரியாக எத்தனை பேர்?" எல்லோரும் சிரித்தார்கள். ஜில் சிரிக்காமல் விளக்கினார். இந்த நாடகங்களில் ஸ்கோர் என்பது எண்ணிச் சொல்கிற கணக்கு அல்ல. பத்தொன்பதாக இருக்கலாம், இருபத்தைந்தாக இருக்கலாம், நிறையப் பேர் என்பதுதான் அர்த்தம், ஒருவரும் போய் எண்ணியிருக்க மாட்டார்கள் என்றார். சிவநேசன் தலையாட்டினார். ஒத்திகை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "எங்கட ரேடியோக்காரரும் இப்பிடித்தான் அக்கா. சுமார் இருபது பேர் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவாங்கள்."

எண்ணாமல் விட்டது

நாடகம் தொடங்கி இரண்டாவது கிழமை. தூதன் ஓடி வந்து மண்டியிட்டார். "பாலத்தடியில் ஒரு ஸ்கோர் பேர் விழுந்தார்கள், பிரபுவே" என்றவர், ஒரு நொடி விட்டு, "இன்னும் ஒருவரும்" என்றார்.

என் விரல் புத்தகத்தில் அந்த வரியில்தான் இருந்தது. அங்கே அப்படி ஒன்றும் இல்லை. மறந்த சொல்லை எடுத்துக்கொடுக்கலாம். கூடச் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது? பிரபுவாக நடித்த ஆர்தர் நாற்பது வருடம் மேடை கண்டவர். அசையவில்லை. புத்தகத்தில் உள்ளபடி "ஒரு ஸ்கோரா?" என்று கேட்டார், நாடகம் நகர்ந்தது.

ஜில் சும்மா விடவில்லை. அந்த வரிக்கு அளவாகப் பத்து அசை. கூட ஒரு சொல் வைத்தால் நமக்குத் தளை தட்டுவதுபோல அவர்களுக்கும் தட்டும். நானூறு வருடமாக ஒருவரும் கை வைக்காத வரியில் நாம் கை வைக்கக் கூடாது என்று சிவநேசனிடம் மரியாதையாகத்தான் சொன்னார். சிவநேசன் மன்னிப்புக் கேட்டார். ஏன் கூட்டிச் சொன்னார் என்று சொல்லவில்லை.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே படிக்கட்டில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்து, தமிழில் கேட்டேன். முதலில், "வாய் தவறிப் போச்சுது அக்கா" என்றார். நான் எழும்பவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். முந்தின நாள் கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்திருக்கிறார். ஊரில் சந்தைக்குப் போகிற ரோட்டில் குண்டு விழுந்ததாம். சுமார் இருபது பேர் என்று ரேடியோ சொன்னதாம். மண்ணெண்ணெய் வாங்க அந்த ரோட்டால் சைக்கிளில் போன தம்பி திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த இருபது பேரையும் அம்மா ஒவ்வொன்றாகத் துணி விலக்கிப் பார்த்திருக்கிறா. அதில் அவன் இல்லை. வேறு எங்கேயும் இல்லை. சைக்கிள் மட்டும் கிடந்ததாம்.

"ஜில்லிட்டைச் சொல்லட்டே?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மற்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தால் தன்னால் மேடையில் ஏற ஏலாது என்றார். முகத்தில் பூசியிருந்த சாயத்தை இன்னும் துடைக்கவில்லை. அதற்குமேல் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவனை ஒருத்தரும் எண்ணேல்லை அக்கா."

ஆர்தர் கேட்ட கேள்வி

அடுத்த நாள் ஜில் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார். தூதன் மறுபடியும் வரியைத் தாண்டப் பார்த்தால், அவர் மூச்சு எடுக்கிற இடத்திலேயே நான் பிரபுவின் அடுத்த வரியைக் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். ஆர்தரைப்போலப் பழகின நடிகன் பிராம்ப்டர் குரல் கேட்டால் தன்னையறியாமல் அதைப் பிடித்துக்கொள்வான், அது உண்மைதான். அதற்கும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்றார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. காரணம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவும் கூடாது.

அன்று மூன்றாவது அங்கம் வந்தது. தூதன் ஓடி வந்தார். மண்டியிட்டார். "பாலத்தடியில் ஒரு ஸ்கோர் பேர் விழுந்தார்கள், பிரபுவே." நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தலையைக் கொஞ்சம் திருப்பி, நான் இருந்த ஓரத்தைப் பார்த்தார். ஜில்லின் கட்டளையை நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்கூட இல்லை. சொல்லுவதென்றால் சொல்லுங்கோ என்பதுபோல இருந்தது. அடுத்த வரி என் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒருவரும்" என்றார் சிவநேசன்.

ஆர்தருக்கு நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சிவநேசனும் அவரும் "குட் ஈவினிங்" தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. மனிதர் நாற்காலியிலிருந்து எழும்பினார். அந்த இடத்தில் அவர் எழும்புவதே கிடையாது. இரண்டு அடி முன்னால் வந்து குனிந்து, தூதனின் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஒரு ஸ்கோரும், இன்னும் ஒருவருமா?"

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. தூதன் பேச வேண்டியது முடிந்துவிட்டது. சிவநேசன் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "ஓம்" என்றார். தமிழில்.

திரை விழுந்ததும் ஜில் நேராக ஆர்தரிடம் போனார். என்னைப் பார்க்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. ஆர்தர் தாடியை ஒட்டியிருந்த பசையைப் பிரித்துக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "தூதன் ஒரு எண்ணைக் கொண்டு வந்தான், ஜில். காதில் விழாததுபோல வேறு எண்ணைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது."

ஓம்

பிறகு ஜில் சிவநேசனிடம், "அந்த 'ஓம்' என்ன, பிரார்த்தனையா?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். சிவநேசன், "இல்லை, எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்" என்றார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். ஆனால் "ஆமாம்" என்று சொன்ன வாய் மூடவில்லை. சைக்கிள், மண்ணெண்ணெய், துணி விலக்கிப் பார்த்த தாய் எல்லாவற்றையும் தன் ஆங்கிலத்தில், நின்றபடியே சொன்னார். தம்பி பெயரையும் சொன்னார். ஜில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வரும்வரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

நான் பென்சிலை எடுத்து, புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதப் போனேன். மேடையில் நிலையாகிற மாற்றங்களைக் குறித்துவைப்பது என் வேலை. ஜில் என் கையைப் பிடித்தார். "அதில் எழுதாதே. புத்தகம் அப்படியே கிடக்கட்டும், இது அவர் சொல்ல வேண்டியது."

முன்வரிசை ஆசிரியை

மிச்ச நாட்களெல்லாம் தூதன் அப்படியே சொன்னார், பிரபுவும் எழும்பி வந்து கேட்டார். ஒரு சனிக்கிழமை முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியையாம், நாடகத்தின் பழைய நூலகப் பிரதி ஒன்றை மடியில் விரித்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தா. என்னைப்போல இன்னொருத்தி, ஆனால் வெளிச்சத்தில். நாடகம் முடிந்ததும் டிக்கெட் கவுண்டரில் நின்று முறைப்பாடு செய்தா. பக்கத்தில் நானும் நின்றேன், சாயம் கழுவிய முகத்தோடு சிவநேசனும் நின்றார். அவவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "நாடகம் நன்றாக இருந்தது. ஆனால் உங்கள் தூதருக்கு எண்ணத் தெரியவில்லை" என்றா. சிவநேசன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவவுக்கு வழிவிட்டார். "அவர் எண்ணினவர், மேடம். மற்றவர்கள்தான் எண்ணவில்லை."

டொக்டரிடம் பதிந்தது

தொண்ணூறுகளின் நடுவில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், தேர் நாளன்று சிவநேசனைக் கண்டேன். நான் அப்போது அந்த வேலையை விட்டு ஒரு கல்லூரியில் அகதிகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் அதே மிச்சம் பகுதியில் சொந்தமாகக் கடை எடுத்திருந்தார், கலியாணமும் ஆகியிருந்தது. நடிப்பை விட்டாச்சு, நேரமில்லை என்றார். ஆர்தர் காலமான செய்தியை நான்தான் சொன்னேன். தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமலே, "ஒரு தகவலும் இல்லை அக்கா" என்றார்.

பக்கத்தில் வெள்ளைச் சேலையில் அவருடைய தாய் நின்றா. வந்து மூன்று மாதமாம். போன கிழமை டொக்டரிடம் பெயர் பதியக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் நடந்ததைச் சிவநேசன் சொன்னார். பதிவு மேசையில் இருந்த பெண் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறாள். சிவநேசன், இரண்டு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தானும் கனடாவில் இருக்கிற தங்கையும். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தப் பெண் விரலைக் காட்டி இரண்டா என்று கேட்டதும் விளங்கிவிட்டது. மகனின் கையைத் தள்ளிவிட்டு, மூன்று விரலைக் காட்டியிருக்கிறா. பெண் இருவரையும் மாறி மாறிப் பார்க்க, சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டு மூன்று என்று மாற்றிச் சொன்னாராம்.

தாய் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றா. தேர் திரும்புகிற சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று கிட்ட வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. ஒராள் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்."

சொல் எடுத்துக்கொடுக்கிறதுக்கென்று எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆனால் அந்த வேலையில் நான் பிழையில்லாமல் செய்தது என்று நினைத்துப் பார்த்தால், ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.